பேரீச்சம்பழத்துக்குப் போன ரயில்

மாலை ஏழு மணி. மான்குர்த் ரயில் நிலையம். வண்டி நிற்பதற்குள்ளேயே பாதிக் கூட்டம் பிளாட்பாரத்தில் குதித்துவிடுகிறது. செம்பூர், குர்லா வழியாகச் செல்லும் இந்த ஹார்பர் பாதையில் தினமும் தொங்கிக்கொண்டு போகும் தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இந்தியாவின் மின் ரயில் சரித்திரம் தொடங்கியதே இந்தப் பாதையில்தான் என்று?

1925 பிப்ரவரி 3. பம்பாய் கவர்னர் லெஸ்லி வில்சன் தொடங்கி வைக்க, விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின் ரயில் கிளம்பியது. தூரம் 16 கிலோமீட்டர். நான்கே பெட்டிகள். இங்கிலாந்தின் காமெல் லேர்டிலும் ஜெர்மனியின் ஊர்டிங்கனிலும் செய்த வண்டிகள் கப்பலில் வந்திறங்கின. புகை இல்லை, கரி இல்லை. கடைசி நிலையத்தில் இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. மோட்டார்மேன் மறுமுனைக்கு நடந்தால் போதும், வண்டி திரும்பத் தயார். பிறகு மின்கம்பி மான்குர்த்துக்கும் வந்தது. 1992இல் வாஷி பாதை திறக்கும்வரை இதுவே கடைசி நிலையம்.

கப்பலில் வந்த பெட்டிகள் தேய்ந்து ஓய்ந்த பிறகும் அவற்றுக்காகப் போட்ட 1,500 வோல்ட் நேர்மின்சாரம் நீடித்தது. கூட்டம் பெருக, பெட்டிகள் பெருக, அது தாங்கவில்லை. 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் அதே சக்திக்குக் குறைந்த மின்னோட்டம் போதும். துணைமின் நிலையங்களும் குறைவு. மற்ற பாதைகள் ஒவ்வொன்றாக மாறின. நேர்மின்சாரத்தின் கடைசி ரயில் 2016 ஏப்ரல் 9 இரவு ஓடியது, குர்லாவிலிருந்து சி.எஸ்.டி.க்கு. தொடங்கிய பாதையிலேயே முடிந்தது கதை.

கவர்னர்களின் பெயர் தாங்கிய இன்ஜின்கள் அதிர்ஷ்டசாலிகள். 'சர் ரோஜர் லம்லி' டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 'சர் லெஸ்லி வில்சன்' மும்பையில் காட்சிப்பொருள். ஆலைத் தொழிலாளியையும் ஆபீஸ் குமாஸ்தாவையும் சுமந்த லோக்கல் பெட்டிகளுக்குப் பெயர் கிடையாது. வயதானால் காயலான் கடைதான்.

லண்டனில் 1938ஆம் வருடத்துப் பாதாள ரயில் ஒன்றை அங்குள்ள போக்குவரத்து அருங்காட்சியகம் பாதுகாத்து, விசேஷ நாட்களில் ஜனங்களை ஏற்றி ஓட்டியிருக்கிறது. அதுவும் கவர்னர் போன வண்டி அல்ல. சாமானியர் வேலைக்குப் போன வண்டிதான்.

இன்று ஓடும் லோக்கல்களும் ஒருநாள் ஓய்வு பெறும். அப்போது மர பெஞ்சோ, கைப்பிடியோ அல்ல, ஒரு முழுப் பெட்டியாவது ஹார்பர் பாதையோரம் நிற்க வேண்டும். தாத்தா எதில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார் என்று பேரன் கேட்டால், கைகாட்ட ஏதாவது வேண்டாமா?