கடுகைச் சிறுக்கச் செய்யும் கருகல் நோய்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது எமது முதுமொழி. ஆனால் கருகல் நோயினால் சிறுத்துப்போன கடுகிற்கு அம்மொழி பொருந்தாது. நோய்கண்ட பயிரின் விதைகள் சுருங்கி நிறம் மாறுகின்றன. அவற்றின் எடையும் எண்ணெயும் முளைதிறனும் குன்றுகின்றன. விவசாயிக்கு எஞ்சுவது கடன்சுமை மாத்திரமே.

ஆல்டர்னேரியா எனும் பங்கசு இனத்தினாலேயே இந்நோய் ஏற்படுகின்றது. முதலில் அடியிலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகக் கபில நிறப் புள்ளிகள் தோன்றும். பின்னர் அவை ஒன்றிணைந்து இலையைக் கருகச் செய்யும். தொடர்ந்து தண்டிலும் காய்களிலும் கரும்புள்ளிகள் பரவும். 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையும், விட்டுவிட்டுப் பெய்யும் மழையும், இலைகளில் நீங்காத ஈரமும் இதற்குச் சாதகமானவை.

இந்தியாவின் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஹரியானா ஆகிய மாநிலங்களில் பெருமளவில் கடுகு பயிரிடப்படுகின்றது. அந்நாட்டில் இந்நோயினால் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இழப்பு பதிவாகியுள்ளது. இந்நோயை முற்றாகத் தாங்கி நிற்கும் கடுகு வர்க்கம் எதுவும் இதுவரை விவசாயியின் கைக்கு எட்டவில்லை. வெண்கடுகு போன்ற உறவுத் தாவரங்களில் காணப்படும் எதிர்ப்பாற்றலைக் கடுகிற்குள் கொண்டுவர விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர்.

எனவே விவசாயிகள் மருந்துப் போத்தலை மாத்திரம் நம்பியிருப்பதில் வியப்பில்லை. எனினும் காய்களில் புள்ளி விழுந்த பின்னர் தெளிப்பதால் இழந்த விளைச்சல் மீளப்போவதில்லை. இப்பங்கசு விதையிலும் முன்னைய பயிரின் எச்சங்களிலும் தங்கியிருந்தே அடுத்த பயிரைத் தாக்குகின்றது. ஆகவே தடுப்பு நடவடிக்கை விதைப்புக்கு முன்னரே தொடங்க வேண்டும்.

நோயற்ற வயலிலிருந்து பெற்ற விதையையே விதைக்க வேண்டும். ஐயத்துக்குரிய விதையை 50 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் 15 நிமிடங்கள் அமிழ்த்தி உலர்த்தலாம். வெப்பம் மிகுந்தால் முளைதிறன் அழியுமாதலால் வெப்பமானி இன்றி இதனைச் செய்தலாகாது. பயிரெச்சங்களை அகற்றவோ ஆழ உழுது புதைக்கவோ வேண்டும். அதே நிலத்தில் கடுகுக் குடும்பப் பயிர்களைத் தொடர்ந்து இடாது பயறு, சோளம் போன்றவற்றை மாற்றிப் பயிரிட வேண்டும். நெருக்கமாக விதைப்பதையும் நைதரசன் பசளையை அளவுக்கு மீறி இடுவதையும் தவிர்ப்பதோடு, பொற்றாசியம் குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வட இந்தியாவில் காலந்தாழ்த்தி விதைத்த பயிரே அதிகம் பாதிக்கப்படுகின்றது.

இவற்றுக்குப் பின்னரும் புள்ளிகள் தோன்றினால், ஆரம்பத்திலேயே பங்கசுநாசினி தெளிக்கலாம். ஒரு லீற்றர் நீருக்கு 2 கிராம் மன்கோசெப் என்பது இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் சிபாரிசாகும். எனினும் சுகாதாரக் காரணங்களை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் இந்த நாசினிக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததையும் நாம் மறத்தலாகாது. விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையின்றி எதனையும் தெளிப்பது உகந்ததன்று.

எமது நாட்டிலும் உலர்வலயச் சேனைகளில் பெரும்போகத்தில் கடுகு செய்கை பண்ணப்படுகின்றது. இப்பங்கசுகள் கோவா, முள்ளங்கி, நோக்கோல் ஆகியவற்றையும் தாக்குவனவாதலால், மரக்கறிச் செய்கையில் ஈடுபடும் தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கும் இவ்விடயம் பொருந்தும். 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும்வரை எமது விவசாயிகள் பட்ட துயரம் மறக்கக்கூடியதன்று. மாற்றுவழியைக் கற்பிக்காது மருந்தை மாத்திரம் பறிப்பது தீர்வாகாது. மருந்தை மாத்திரம் நம்பியிருப்பதும் பாதுகாப்பாகாது.

தூய விதையை உரிய காலத்தில் வழங்குவதும், வயலுக்குச் சென்று வழிகாட்டுவதும் அரசின் கடமையாகும். அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன்னரே விவசாயத் திணைக்களமும் கமநல சேவை நிலையங்களும் இதில் கவனம் செலுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.