இருவராய் ஒருநாள் யாத்திரை
குனோங் ராபாட்டிலிருந்து கடலும் கோட்டையும் கோயிலும் காண ஒரு வழிகாட்டி

திருவிழா மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் விரதம், பால்குடம், காவடி என்னும் பேச்சே மேலோங்கி நிற்கும். பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் நேர்த்திக்கடன் செலுத்தும் பெற்றோரிடம், "நீங்கள் இருவர் மட்டும் சேர்ந்து வெளியூர் சென்று இறைவனை வழிபட்ட நாள் எது?" என்று கேட்டால் விடை கூறத் தயங்குவர். தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் தைப்பூசத்திற்குச் செல்வதென்றால் லோரியில் தோட்டமே திரண்டு செல்லும். விடியுமுன் பெரட்டுக்களம், வெயில் ஏறும் வரை பால்மரம், பிற்பகலில் சமையலும் பிள்ளைகளும் என்று ஓடிய வாழ்வில், கணவனும் மனைவியும் ஊர் பார்க்கக் கிளம்புவதற்கு நேரமும் இல்லை, கையில் பணமும் இல்லை.

இன்று பிள்ளைகள் ஆளாகி வேலை தேடிப் பெருநகரங்களுக்குச் சென்றுவிட்டனர். வீட்டில் எஞ்சியிருப்போர் இருவர். அவ்விருவருக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. காலையில் புறப்பட்டு மாலையில் இல்லம் திரும்பத்தக்க யாத்திரைகள் நம் பேராக் மாநிலத்திலேயே நிறைந்துள்ளன. அவற்றை வரிசையாகக் கண்டு வந்தால் தெய்வ தரிசனத்தோடு நாம் இம்மண்ணுக்கு வந்த கதையும் விளங்கும்.

கல்லுமலையில் தொடக்கம்

குனோங் ராபாட் மக்களுக்குக் குன்றும் குகையும் புதியன அல்ல. சீனப் பெருமக்கள் வழிபடும் சம் போ தோங், கெக் லோக் தோங் ஆகிய குகைக் கோயில்கள் இங்குள்ள சுண்ணாம்புக் குன்றிலேயே அமைந்துள்ளன. அத்தகைய மற்றொரு குன்றான குனோங் சீரோவின் அடிவாரத்தில் வீற்றிருப்பவன் கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர். தைப்பூசத்தன்று புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் காவடிகள் இச்சந்நிதியை வந்தடைகின்றன. 1973 அக்டோபரில் இக்குன்றிலிருந்து பெரும்பாறை சரிந்து விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர் என்பதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அவர்களையும் நினைந்து வணங்கிப் பயணத்தைத் தொடங்குவது முறையாகும்.

பங்கோர்: மாசி மகத்துக் கடல்

ஈப்போவிலிருந்து லுமுட் துறைமுகம் சுமார் 85 கிலோமீட்டர். அங்கிருந்து படகேறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பங்கோர் தீவு. தீவின் சுங்கை பினாங் கெச்சில் பகுதியில் கடலை நோக்கி எழுந்தருளியிருக்கும் பத்திரகாளியம்மனின் மாசி மகத் திருவிழா நாடறிந்தது. அன்று தீவே பக்தர்களால் நிறைந்துவிடும். கூட்டத்தில் நெடுநேரம் நிற்க இயலாத முதியோர் வேறொரு நாளில், அதுவும் பள்ளி விடுமுறையில்லாத வார நாளில் செல்வது நலம். அலையோசையைத் தவிர வேறோசை இல்லாத வேளையில் அன்னையின் முன் நிற்பது தனி நிறைவு தரும்.

தரிசனம் முடிந்தபின் டச்சுக்காரர்கள் 1670இல் ஈயத்தைச் சேமித்து வைக்கக் கட்டிய கோட்டையின் எஞ்சிய சுவர்களைக் காணலாம். 1874இல் பங்கோர் உடன்படிக்கை கையொப்பமானது இத்தீவை ஒட்டிய கடலில் நின்ற ஓர் ஆங்கிலேயக் கப்பலில்தான். அதன் வாயிலாகவே பேராக்கில் ஆங்கிலேய ஆலோசகர் ஆட்சி வேரூன்றியது. நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து இம்மாநிலத் தோட்டங்களுக்கு வந்ததற்குத் தொடக்கம் தேடினால், அத்தேடல் இந்தக் கடற்கரையில் வந்து நிற்கும்.

கோலகங்சார்: வேலிக்குள் ஒரு மரம்

வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் அரச நகரமான கோலகங்சார் உள்ளது. 1917இல் கட்டி முடிக்கப்பட்ட உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் கோபுரத்தைக் காண வருவோர் பலர். ஆனால் தோட்டப் பாட்டாளிகளாகிய நாம் காணவேண்டியது வேறொன்றும் உண்டு. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர்க் கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்நாளில் இங்கு ஆலோசகராய் இருந்த சர் ஹியூ லோ அவற்றை வளர்த்தார். அவற்றின் வழிவந்த முதுமரம் ஒன்று நகரின் நடுவே வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது.

இம்மரத்தின் அருகே முன்னாள் தோட்டப் பாட்டாளித் தம்பதியர் சற்று நேரம் நின்று பார்க்கட்டும். உளியும் வாளியும் ஏந்தி, கொசுக்கடியிலும் அட்டைக்கடியிலும் அவர்கள் கழித்த விடியற்காலைகள் அனைத்திற்கும் மூலம் இது. சுற்றுலாப் பயணிக்கு இது ஒரு மரம்; அவர்களுக்கோ இது வாழ்க்கை வரலாறு.

செல்லும் வழியில் சுங்கை சிப்புட் நகரில் இறங்கத் தவறாதீர்கள். துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் அது. அவர் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையும் அங்குண்டு. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்று, பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், அவர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்கென 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே.

பத்துகாஜா: முற்றுப்பெறாத மாளிகை

குனோங் ராபாட்டிலிருந்து மிக அருகில், அரை மணி நேரப் பயணத்தில் சென்றடையத்தக்கது பத்துகாஜா அருகிலுள்ள கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்டத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித், தம் மனைவி ஆக்னஸுடனும் மக்களுடனும் வாழ்வதற்கென 1915இல் இதனைக் கட்டத் தொடங்கினார். தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் பலரை அக்காலத்தில் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் கொன்றது. அஞ்சிய தொழிலாளர்கள் மாரியம்மனுக்கு ஆலயம் எழுப்பித் தருமாறு வேண்டினர். ஸ்மித் இசைந்தார். மாளிகையின் அருகே கோயில் எழுந்தது. நன்றி மறவாத நம் மக்கள், கோயிலின் மேற்கூரையில் தெய்வத் திருவுருவங்களுக்கிடையே வெள்ளுடையும் தொப்பியும் அணிந்த அத்துரையின் உருவத்தையும் சேர்த்து வைத்தனர்.

ஸ்மித் 1926இல் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறவேயில்லை, ஆக்னஸ் அம்மையார் அதில் குடியேறவும் இல்லை. செல்வந்தர் தம் இல்லாளுக்கெனக் கட்டிய மாளிகை இன்று வெறும் காட்சிப் பொருள். கூலிகள் கண்ணீரோடு கேட்டுப் பெற்ற கோயிலிலோ இன்றும் கற்பூரம் ஒளிர்கிறது. நிலையானது எது, நிலையற்றது எது என்பதை விளக்க இதனினும் எளிய பாடம் வேண்டுமோ? மாளிகைக்கு நுழைவுக் கட்டணம் செலுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் நம்மவரும் உண்டு. அன்பர்களே, முதலில் அம்மனை வணங்குங்கள். பிறகு மாளிகையைப் பாருங்கள்.

தெலுக் இந்தானும் பினாங்கும்

தெற்கே, பேராக் ஆற்றின் கரையில் தெலுக் இந்தான். 1885இல் எழுப்பப்பட்ட சாய்ந்த கோபுரம் இந்நகரின் அடையாளம். வெளியே எட்டு மாடிகள் போலத் தோன்றினும் உள்ளே மூன்றே மாடிகள். மேலே நீர்த்தொட்டி இருந்தது; நகரத்திற்கு மணி காட்டும் கடிகாரமும் உண்டு. தொட்டியின் பாரமும் இளகிய நிலமும் சேர்ந்து கோபுரத்தைச் சாய்த்தன. இந்நகரின் நகரத்தார் தண்டாயுதபாணி ஆலயத்தில் நடைபெறும் சித்திரா பௌர்ணமி விழா பக்தர்களைத் திரளாக ஈர்ப்பதாகும்.

பினாங்கிற்கு இப்பொழுது வாகனம் ஓட்ட வேண்டியதில்லை. 2015 முதல் ஈப்போ வழியாகப் பட்டர்வொர்த் வரை விரைவு மின்ரயில் ஓடுகிறது. இறங்கிப் படகேறினால் ஜோர்ஜ்டவுன். 2008இல் மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்நகரில், குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் 1833ஆம் ஆண்டிலிருந்து விளங்குகிறது. தண்ணீர்மலை உச்சியில் 2012இல் குடமுழுக்குக் கண்ட பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு 500க்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலியுள்ளோர் அடிவாரத்திலிருந்தே கைகூப்பலாம். முருகன் குறை கொள்ளமாட்டான்.

புறப்படுமுன்

இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உள்ளோர் மருந்தை மறவாது எடுத்துக்கொள்ளவும். வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துக்கொள்வது நல்லது. புளிச்சாதமும் துவையலும் கட்டிக்கொண்டால் உணவு தேடி அலைய வேண்டியதில்லை. படகும் ரயிலும் புறப்படும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிக.

இன்னொன்றும் உண்டு. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தோட்டத்துக் கோயில்கள் சில இடம் பெயர்ந்தன. சில மறைந்தே போயின. உங்கள் பழைய தோட்டத்திற்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். லயம் இருந்த இடத்தையும் கோயில் இருந்த இடத்தையும் அடையாளம் காட்டத் தெரிந்தவர்கள் நீங்களே. தோட்டத்தின் பெயர், எந்தத் தெய்வம், எந்த ஆண்டில் திருவிழா நின்றது, சிலை எங்கே கொண்டு செல்லப்பட்டது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அவர் மறந்ததை அவர்தம் மனைவி நினைவூட்டுவார். அம்மையார் மறந்ததைக் கணவர் எடுத்துரைப்பார். இருவரும் உடனிருக்கும் காலத்தில்தான் இது கைகூடும்.

ஆலய நிர்வாகத்தினர் இத்தகைய குறிப்பேடுகளைப் பெற்றுப் பாதுகாத்தால் அதுவும் திருப்பணியே. இவ்வாண்டுத் திருவிழா முடிந்து காவடிகளைக் கழற்றி வைத்தபின், வரும் வாரத்திலேயே ஒரு நாளைக் குறித்து இருவராய்ப் புறப்படுங்கள்.