உண்டது உடலாகும் இடம்



நண்பகலில் சோறும் மீன்குழம்பும் கீரையும் உண்டெழுந்த ஒருவர், உணவு உடலுக்குள் சென்றுவிட்டதென எண்ணி மனநிறைவு கொள்வார். உடற்றொழிலியல் அறிஞரோ இதனை ஒப்புக்கொள்ளார். வாயிலே தொடங்கிக் குதத்திலே முடியும் உணவுக்கால்வாய், இருமுனையும் திறந்ததொரு நெடுங்குழாய். அதனுள்ளே கிடக்கும் உணவு, உண்மையில் உடலுக்குப் புறத்தேதான் இருக்கின்றது. குழாயின் சுவரைக் கடந்து உட்புகுந்த பின்னரே அது நம்முடையதாகும். அவ்வாறு கடக்கும் தலையாய இடம் சிறுகுடல்.

வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமும் ஓரங்குல விட்டமும் உடையது. அதன் உட்சுவர் வழுவழுப்பான குழாய்ச்சுவர் போன்றதன்று; மடிப்பு மடிப்பாக அமைந்தது. அம்மடிப்புகளின் மீது, துவாயின் இழைகளைப் போல, ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத சடைமுளைகள் நெருங்கி நிற்கின்றன. அச்சடைமுளைகளைப் போர்த்திருக்கும் கலம் ஒவ்வொன்றின் முகப்பிலும் அவற்றினும் நுண்ணிய முளைகள் உள. இவற்றால் உறிஞ்சும் பரப்புப் பன்மடங்கு பெருகுகின்றது. அப்பரப்பு ஒரு டெனிசு ஆடுகளத்துக்கு நிகரென முன்னைய நூல்கள் கூறின. 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் மீண்டும் அளந்து, ஏறத்தாழ 30 சதுரமீற்றரே எனக் கண்டனர். அதுவும் ஒரு பெரிய அறையின் தரையளவாகும்.

இனி, உண்ட சோறு யாதாகின்றது? அதிலுள்ள மாப்பொருள் நொதியங்களாற் சிதைந்து குளுக்கோசாகின்றது. மீனின் புரதம் அமினோவமிலங்களாகின்றது. இவை இரண்டும் சடைமுளையினுள் ஓடும் மயிர்த்துளைக் குழாய்களிற் சேர்ந்து, முதலில் ஈரலை அடைகின்றன. தேங்காய்ப்பாலின் கொழுப்புப் பெரும்பாலும் வேறொரு வழியிற் செல்லும். பித்தத்தின் துணையால் நுண்துளிகளாகிச் சிதைந்து, குடற்கலத்தினுள் மீண்டும் கொழுப்பாக இணைந்து, சடைமுளையின் நடுவேயுள்ள நிணநீர்க் குழாயிற் புகுந்து, கழுத்தின் அடியிலே குருதியோடு கலக்கின்றது. கீரையின் இரும்பைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதி ஏற்கின்றது. உணவோடு தேநீர் அருந்தினால் அவ்விரும்பு உட்செல்வது குறையும். தேசிக்காய்ப் புளி சேர்த்தால் மிகும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். குடலினுள் குளுக்கோசு குறைந்து, கலத்தினுள் மிகுந்திருக்கும் வேளையிலும் அஃது எவ்வாறு உட்புகுகின்றது? 1960இல் பிராகு நகரிலே அமெரிக்க அறிஞர் இராபேட் கிறேன் இதற்கு விடை பகர்ந்தார். குளுக்கோசு தனித்துச் செல்வதில்லை. உப்பின் கூறாகிய சோடியத்துடன் கைகோத்து, ஒரே வாயிலால் நுழைகின்றது. இவ்விரண்டும் சென்றால் நீரும் அவற்றைப் பின்தொடரும்.

சிறியதாகத் தோன்றும் இவ்வுண்மையே எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்தது. வாந்திபேதி நோயிலே குடல் நீரைக் கொட்டிவிடுகின்றது. வெறும் நீரைப் பருகுவதால் மட்டும் அவ்விழப்பு ஈடாகாது. ஆனால் அந்நோயிலும், சீனியும் உப்பும் சேர்ந்து நுழையும் அவ்வாயில் அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது, இந்திய எல்லையிலுள்ள பொங்காவ் ஏதிலியர் முகாமில் நாளத்தூடாக ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகாலனபிசு குளுக்கோசும் உப்பும் கரைத்த நீரை நோயாளருக்குப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றளவில் இருந்த சாவு, அந்நீரைப் பருகியோரிடையே நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது.

இன்று நம் நாட்டு மருந்துக் கடைகளிற் கிடைக்கும் ‘ஜீவனி’ப் பொதியும் இவ்வகையதே. அது கைக்கெட்டாதபோது, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அளவு மீறலாகாது. மிகையான சீனி நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றோட்டத்தை வளர்க்கும். மிகையான உப்போ பெருந்தீங்கு பயக்கும். தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது. குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலும், மலத்திலே குருதி கண்டாலும், காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு நீராகாரம் கொடுத்தால் நோய் மிகுமென அஞ்சும் தாய்மார் இன்னும் உளர். கொடாமல் விடுவதே கேடு. குடலின் வாயில் திறந்திருக்கின்றது. அதற்குரியதை உரிய அளவிற் கொடுப்பது நம் கையிலேயே உள்ளது.