மோடம் போனது, ஒலித்துளை இருக்கிறது

மலேசியாவில் 1996இல் டிஎம்நெட் இணையச் சேவை வந்த பிறகு, பந்திங் நகரில் வீட்டுத் தொலைபேசி வைத்திருந்தவர்களும் 1515 என்ற எண்ணை அழைத்து இணையத்துக்குள் நுழைய முடிந்தது. மோடம் கீச்சிட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். இணைப்பு இருக்கும் நேரமெல்லாம் வீட்டில் யாரும் போன் பேச முடியாது.

அந்தக் கீச்சொலியைப் பலர் வெறும் இரைச்சல் என்றே நினைத்தார்கள். உண்மையில் இரண்டு மோடங்களும் கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தன. தொலைபேசி இணைப்பு மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மறுமுனை மோடம் முதலில் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒலி எழுப்பும். அதைக் கேட்டதும் வழியிலுள்ள எதிரொலி நீக்கிகள் ஒதுங்கிக்கொள்ளும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் தரவு அனுப்பியாக வேண்டுமே! பிறகு பல சுருதிகளை அனுப்பி, எது தெளிவாக வருகிறது, எது தேய்ந்து வருகிறது என்று பார்த்துத்தான் வேகம் முடிவாகும். கம்பி நீள நீள உயர்ந்த சுருதிகள் தேயும். டவுனைத் தாண்டித் தோட்டப்புறம் போகும் நீண்ட கம்பிகளில் வேகம் குறைய இதுவும் ஒரு காரணம்.

ஆக, மோடம் செய்தது முழுக்க ஒலி வேலை. மின்னலைகளை எண்களாகவும், எண்களை அலைகளாகவும் மாற்றுவது. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் மடிக்கணினி செய்வதும் அதையேதான். இதை உணர்ந்து இன்டெல் ஏசி'97 என்ற தர விதியை வெளியிட்டது. ஒலியும் மோடமும் ஒரே தரவுப் பாதையில் வந்தன. கணக்குகளை மையச் செயலியே போட்டது. மோடம் மலிவாகி மடிக்கணினிக்குள் எளிதாக அடங்க இதுவும் ஒரு காரணம். எனக்கு இது மிக அழகான பொறியியலாகப் படுகிறது.

இன்று மடிக்கணினிகளில் மோடத்துக்கான தொலைபேசித் துளை மறைந்துவிட்டது. ஹெட்போன், மைக் துளைகள் இரண்டும் பல மடிக்கணினிகளில் ஒன்றாகிவிட்டன. பழைய கேசட்டுகளைக் காப்பாற்ற நினைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பாட்டி பாடிய தாலாட்டு, கோயில் திருவிழா உருமி மேளம், கல்யாண வாழ்த்து எனத் தோட்டத்துக் குரல்கள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கேசட்டாகவே கிடக்கின்றன. காந்த நாடா ஆண்டுக்காண்டு பழுதாகும்.

கேசட் பிளேயரின் வயரை அந்த ஒற்றைத் துளையில் செருகினால் பெரும்பாலும் எதுவும் பதிவாகாது. வயர் முனையில் மூன்று தொடுபகுதிகள், துளையில் நான்கு. மைக்குக்கான நான்காவது தொடர்பு தரையோடு சேர்ந்துவிட, கணினி அதை ஹெட்போன் என்றே எடுத்துக்கொள்ளும். மாற்று வயர் போட்டாலும் சிக்கல் தீராது. மைக் தருவது சில மில்லிவோல்ட். பிளேயரின் லைன் அவுட் தருவது சுமார் 0.3 வோல்ட். ஒலி உடைந்து கரகரக்கும், ஸ்டீரியோவும் கிடைக்காது.

லைன் இன் வசதியுள்ள யூஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்று போதும். வாங்கும்போது 'ஸ்டீரியோ லைன் இன்' இருக்கிறதா என்று கேளுங்கள்; மலிவான பலவற்றில் மைக் துளை மட்டுமே இருக்கும். பிளேயரின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஒலி அளவின் உச்சம் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த ஒலியைப் பிறகு சரிசெய்வது கடினம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் வேவ் கோப்பாகச் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட் ஆகும். எம்பி3 பிரதியை உறவினருக்கு அனுப்பலாம். மூலத்தை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.