கண்ணீர்த்துளி வண்டியின் வளைந்த கூரைக்கு நுரைப் பலகை

கண்ணீர்த்துளி வடிவ இழுவை வண்டி 1930களில் அமெரிக்காவில் பரவியது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சிறு பெட்டி அது. உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. 1947இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் இதன் செய்முறையை வரைபடத்தோடு வெளியிட்டது. இன்றும் அங்கே பலர் கார் ஷெட்டில் வைத்து இதைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள்.

பக்கச் சுவர்கள் தட்டை என்பதால் அங்கே தொல்லை இல்லை. முன்னால் எழும்பி, கூரையாகி, பின்னால் சரிந்து இறங்கும் வளைவுதான் பாடாய்ப் படுத்தும். வெளியே போர்த்தும் அலுமினியத் தகடு பகலில் சுடும், இரவில் சட்டென்று குளிரும். உறங்குபவர்களின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டதும் கூரை வியர்க்கும். இதற்காகவே உள் பிளைவுட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நுரைப் பலகை வைக்கிறார்கள். மணிமணியாக உதிரும் தெர்மாகோலை விட எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் பலகை உறுதியானது; நீரை அதிகம் குடிக்காது. பிளைவுட் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் இதன் வழியே போகும்.

தடித்த பலகையை அப்படியே வளைத்தால் மளுக்கென்று முறியும். வளைவின் உள்பக்கம் வெளிப்பக்கத்தை விட நீளம் குறைந்தது. 25 மி.மீ. பலகை கால் வட்டம் திரும்பினால் இந்த வித்தியாசம் சுமார் 39 மி.மீ. வளைவு பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறுவதில்லை. 3 மி.மீ. அகல ரம்பத்தால் உள்பக்கத்தில் 13 கீறல் போட்டால் அந்த நீளம் கழிந்துவிடும். வெளிப்பக்கம் இரண்டு மூன்று மி.மீ. அறுபடாமல் நிற்க வேண்டும். வளைக்கும்போது கீறல்களின் வாய் மூடிக்கொள்ளும். 60 செ.மீ. ஆரமுள்ள வளைவில் கீறலுக்குக் கீறல் சுமார் 7 செ.மீ. இடைவெளி வரும்; 30 செ.மீ. ஆரமானால் அதில் பாதி.

கீறுவதை விட, 12 மி.மீ. பலகைகளை இரண்டு அடுக்காக ஒட்டுவதே மேல். மெல்லிய பலகை எளிதில் வளைந்து கொடுக்கும். முதல் அடுக்கின் மூட்டுக்கு நேராக இரண்டாம் அடுக்கின் மூட்டு வராமல் தள்ளி வைத்தால் காற்று புகாது.

பெட்ரோல் பட்ட தெர்மாகோல் கரைவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தின்னர் கலந்த ரப்பர் பசையும் இந்தப் பலகையை அப்படித்தான் அரித்துத் தின்னும். நுரைப் பலகைக்கென்றே விற்கும் பசையைத் தடவி, பட்டையால் இறுக்கி, மேலே மணல் மூட்டை ஏற்றி, பசை காயும் வரை விட வேண்டும். மிஞ்சும் சந்துகளில் டப்பா நுரையைப் பீய்ச்சலாம். அளவு மீறினால் அது உப்பி, பிளைவுட்டையே வெளியே தள்ளிவிடும்.

விளக்குக்கான மின்கம்பிகளைப் பலகையில் நேரடியாகப் புதைப்பது தவறு. கம்பியின் பிவிசி உறையிலுள்ள மென்மையாக்கி பாலிஸ்டைரீனுக்குள் ஊறிப் போவதால் உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும். ஆகவே கம்பி தனிக் குழாயில்தான் ஓட வேண்டும். பாலிஸ்டைரீன் தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். படுக்கும் பக்கத்தில் ஒரு விரற்கடை அளவுகூடப் பிளைவுட் மூடாமல் விடக் கூடாது.