எண்ணெய் என்ன செய்கிறது, தைலம் என்ன செய்கிறது, கை என்ன செய்கிறது?

போன மாசி மாதம் அப்பா சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கும்பகோணம் வந்து இறங்கினார். மறுநாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. "கால தொங்கப் போட்டதுதான், கொஞ்சம் எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விடேன்" என்றார். கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, "கைய வைக்காதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று தடுத்தார். ஸ்கேன் எடுத்தால், ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தக்கட்டு. அழுத்தித் தேய்த்திருந்தால் அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான், நாம் தேய்ப்பது உண்மையில் என்ன செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கை. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை. பட்டியலைக் கவனியுங்கள்: எண்ணெய் அதில் இல்லை. ஒன்பதும் கையின் வேலை. இறுகிய தசை தளர்வதும் வலி குறைந்ததாகத் தோன்றுவதும் பெரும்பாலும் இந்த அழுத்தத்தாலும் அசைவாலும்தான்.

அடுத்து எண்ணெய். நம்ம பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்தும் எள்ளும் போடுவார்கள். அதனால் நல்லெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. பல தைலங்களுக்கும் அதுவே அடி. எண்ணெய் தோலுக்கும் கைக்கும் நடுவே உரசலைக் குறைக்கிறது, சூட்டைப் பிடித்து வைக்கிறது. வெறும் எண்ணெய் எலும்பு வரை இறங்கும் என்பது நம் நம்பிக்கை மட்டுமே. அது தோலின் மேலடுக்கிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

பிறகு பாட்டில் தைலம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன், பின்னர் சென்னைக்கு வந்து வீட்டுக்கு வீடு நுழைந்தது. இவ்வகைத் தைலங்களில் புதினா உப்பு என்கிற மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட் ஆகியவை வெவ்வேறு அளவில் இருக்கும். மெந்தால் பட்ட இடம் ஜில்லென்று இருக்கும். ஆனால் தோல் அவ்வளவாகக் குளிர்வதில்லை. நரம்பு முனையில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியை மெந்தால் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். இதைக் கண்டறிந்தவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021இல் மருத்துவ நோபல் பகிர்ந்துகொண்டார்கள். குளிர்ச்சிச் செய்தி முந்திக்கொள்வதால் வலிச் செய்தி மங்குகிறது. வலியின் காரணம் அப்படியே இருக்கும்.

மெத்தில் சாலிசிலேட் கதை வேறு. அது ஆஸ்பிரினின் பங்காளி, தோல் வழியாக ரத்தத்தில் கலக்கக் கூடியது. அப்பாவுக்கு ரத்தக்கட்டுக்காக வார்ஃபரின் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குத் தைலம் கேட்டார். நல்லவேளை, டாக்டரைக் கேட்டோம். அந்த மாத்திரையோடு இதை நிறையத் தேய்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்றார்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். சளி என்று கைக்குழந்தையின் மூக்கில் தடவக் கூடாது. தைலம் போட்ட இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் யாருக்கும் தோல் புண்ணாகலாம்.

உழைத்த அலுப்பு, இறுகிய தோள், பழகிய முதுகுவலி: தாராளமாகத் தேயுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால், காய்ச்சல் இருந்தால், விழுந்து அடிபட்டிருந்தால் கிண்ணத்தைக் கீழே வையுங்கள்.

அப்பா இப்போது நன்றாக நடக்கிறார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் உண்டு. தேய்ப்பதற்கு முன் இரண்டு கெண்டைக்காலையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.