கூதிரும் கணப்பும்

நுழையும்முன்

உணவு சமைக்கவும் ஒளி பெறவும் குளிர் போக்கவும் மனிதன் நெருப்பைப் பழக்கினான். வெப்பம் மிகுந்த சமவெளியில் வாழும் நமக்குக் குளிர்காய்தல் என்பது ஏட்டில் காணும் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் தமிழரின் இலக்கியத்திலும் மலைவாழ்விலும் கணப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் இயல்பை அறிந்தோர் அதனால் நலம் பெற்றனர். அறியாதோர் உயிரையும் இழந்துள்ளனர்.

இலக்கியத்தில் கூதிர்

பழந்தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களும் கூதிர்காலம் ஆகும். முன்பனியோடு கூதிரையும் குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுதாக இலக்கண நூலார் வகுத்தனர். மலைநிலமே குளிரை மிகுதியாக உணரும் நிலம் என்பதை இப்பகுப்பு நினைவூட்டுகிறது.

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை, கூதிர்காலத்தைக் கண்முன் நிறுத்தும் நூலாகும். பத்துப்பாட்டுள் ஒன்றான இது 188 அடிகளைக் கொண்டது. வெள்ளத்தால் இடம்பெயர்ந்த கோவலர் கையில் கொள்ளி ஏந்தியும் நடுங்குகின்றனர். நகரத்தில் விசிறிகள் மடக்கப்பட்டு முளையில் தொங்க, அவற்றைச் சிலந்தி நூல் சூழ்ந்துள்ளது. தென்றல் வரும் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குவிந்த வாயையுடைய கலத்து நீரைப் பருகுவார் இல்லை. அகன்ற வாயையுடைய ‘தடவு’ என்னும் கலத்தில் இட்ட நெருப்பின் வெம்மையையே மக்கள் நாடுகின்றனர். தடவு என்பதற்கு இந்தளம் என உரையாசிரியர் பொருள் கூறுவர். பிற்காலத்தார் கணப்புச்சட்டி என வழங்கியதும் இத்தகைய கலமே.

இன்று மதுரைத் தல்லாகுளத்துத் தெருக்களில் ஐப்பசி மழை கொட்டும்போதும் பல வீடுகளில் மின்விசிறி சுழல்கிறது. எனினும், இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் கணப்பின்றி இரவைக் கழிக்க இயலாத ஊர்கள் இருக்கின்றன.

மலையேறிய கணப்பு

கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கொடைக்கானல் மதுரையைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே, இரு ஊர்களுக்கும் இடையே 13 டிகிரி அளவிற்கு வேறுபாடு அமைவது இயல்பே.

மதுரையில் 1834ஆம் ஆண்டு பணி தொடங்கிய அமெரிக்கச் சமயப்பணியாளர்கள், சமவெளியின் வெம்மையிலிருந்தும் நோய்களிலிருந்தும் தப்ப, 1845இல் கொடைக்கானலில் வீடுகள் அமைத்தனர். அதற்கு முன்பே நீலகிரியில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியிருந்தது. மலைநகரங்களில் மேனாட்டார் எழுப்பிய வீடுகளில் சுவரோடு இணைந்த கணப்பு அடுப்பும் கூரைக்கு மேல் உயர்ந்த புகைபோக்கியும் இடம்பெற்றன.

நீலகிரியின் தொல்குடியினரான தோடர்கள் வேறு வழியைக் கண்டிருந்தனர். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற அவர்தம் மரபுக் குடிலுக்குச் சாளரம் இல்லை. தவழ்ந்து நுழையுமளவு சிறிய வாயில் மட்டுமே உண்டு. உள்ளே எரியும் அடுப்பின் வெம்மை எளிதில் வெளியேறாது. மேனாட்டார் பெரிய நெருப்பை மூட்டிக் குளிரை வென்றனர். தோடர்கள் சிறிய நெருப்பின் வெம்மையைக் காத்துக் குளிரை வென்றனர்.

விறகும் வெம்மையும்

திறந்த கணப்பு காண்பதற்கு அழகியது; ஆயினும் வீண்செலவு மிக்கது. புகையோடு அறையின் சூடான காற்றும் மேலே இழுக்கப்படுவதால், விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று நுழைகிறது. இக்குறையைப் போக்க 1740களில் பெஞ்சமின் பிராங்கிளின் இரும்பினாலான கணப்பு ஒன்றை வடிவமைத்தார். இன்றைய மூடிய இரும்படுப்பில் காற்று நுழையும் அளவைக் கட்டுப்படுத்தலாம். சூடேறிய இரும்பு, கதிர்வீச்சாலும் வெப்பச்சலனத்தாலும் அறையை வெம்மையாக்குகிறது.

விறகின் தன்மையும் இன்றியமையாதது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாவதால் ஈரவிறகு புகையும், எரியாது. அப்புகை குளிர்ந்து புகைபோக்கியின் உட்சுவரில் தார் போன்று படியும். அப்படிவு பின்னொரு நாள் தீப்பற்றினால் கூரையே எரிய நேரிடும். ஆகவே விறகை மழை படாமல் அடுக்கி, பல திங்கள் காயவைக்க வேண்டும்.

குளிர் தொடங்கும் காலத்தில் தனிக்கவனம் தேவை. உள்ளும் புறமும் வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருக்கும்போது புகைபோக்கியின் இழுவிசையும் குறையும். குளிர் சிறிதுதானே என்று கட்டைகளைப் புகையவிடுவது தவறு. உலர்ந்த சுள்ளிகளால் சிறிய நெருப்பை நன்கு எரியவிட்டு அணையச் செய்வதே முறை.

தெரிந்து தெளிவோம்

கரித்தணலில் புகை இல்லை. எனவே தீங்கும் இல்லை என எண்ணுவது பிழை. காற்றோட்டம் குறைந்த அறையில் கனலும் கரி, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடும். இதற்கு நிறமும் மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் இது பிணைகிறது. உறங்குவோர் விழிக்காமலேயே உயிரிழக்க நேரிடும். மலைநகரங்களுக்குச் சுற்றுலா சென்றோர், பூட்டிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்கி மாண்ட செய்திகள் நாளிதழ்களில் வந்துள்ளன. புகைபோக்கி இல்லாத அறைக்குள் கணப்புச்சட்டியையோ கரியடுப்பையோ வைத்து உறங்குதல் ஒருபோதும் கூடாது.

காடும் கணப்பும்

மலைநகரங்களின் விறகுத் தேவைக்காக 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை, தைல மரங்கள் கொண்டுவரப்பட்டன. விரைந்து வளர்ந்த அவை விறகுப் பஞ்சத்தைத் தணித்தன. ஆயின் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் பரந்து, மழைநீரைத் தேக்கி ஓடைகளாக வழங்கும் அந்நிலத்தின் இயல்பைக் குலைத்தன. ஓர் அடுப்பின் தேவை ஒரு மலையின் முகத்தையே மாற்றியது.

அரசரைச் சார்ந்து வாழ்வோர்க்குத் தீக்காய்வாரை உவமையாக்கினார் வள்ளுவர். மிக நெருங்கினால் சுடும். மிக விலகினால் குளிர் நீங்காது. நெருப்பைப் பயன்கொள்ளும் எவர்க்கும் அவ்வளவறிதல் பொருந்தும்.

கற்பவை கற்றபின்

1. நெடுநல்வாடை காட்டும் கூதிர்கால நகரத்தையும், உங்கள் ஊரின் ஐப்பசித் திங்களையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘மலைச்சுற்றுலாவில் பாதுகாப்பாகக் குளிர்காய்தல்’ என்னும் தலைப்பில் விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.